துணி என்று நான் சொன்ன பை

இப்படிப்பட்ட கட்டுரைகளைப் பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. ஓய்வு என்ற சொல்லுக்கு எனக்குத் தகுதி உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒப்பந்த வேலையில் ஓய்வு என்று ஒன்று கிடையாது. ஒரு மாதம் வருகைப் பதிவேட்டில் நம் பெயர் இருக்காது, அவ்வளவுதான். ஆனாலும் ஆறு வருடம் செய்த வேலை. அதைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டது நித்யா. செல்லூரில் நான் பார்த்த வார்டை இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

"அக்கா, புதுசா ஆறு பிள்ளைங்க சேந்திருக்காக. கடைக்குள்ள போகவே பயப்படுதுக. நீங்க பாத்ததுல நாலு விசயம் எழுதிக் குடுங்க, நான் வாசிச்சுக் காட்டுறேன்" என்று போனில் சொன்னாள்.

"நல்லதா எழுதவா, நடந்ததை எழுதவா?"

"ரெண்டும் ஒண்ணுதானக்கா" என்று சிரித்தாள்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் இரண்டும் ஒன்றில்லை என்று தெரிந்தது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கிழித்ததில் எல்லாம் நான் நல்லவளாக இருந்தேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரை எழுதவில்லை. நித்யாவுக்குத் தெரியும், அது போதும்.

தாவரவியல் படித்துவிட்டு ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தபோது இந்த வேலை கிடைத்தது. பதவியின் பெயர் பரப்புரையாளர். ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்கை விடச் சொல்லி வீடு வீடாக, கடை கடையாகப் பேச வேண்டும். பத்து நாள் பயிற்சி. தடை செய்த பொருள்களின் பட்டியலை ஒப்பிக்க வைத்தார்கள். பதினோராம் நாள் செல்லூரில் இறக்கி விட்டார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் படியேறி நிற்க வேண்டிய சந்துகள். விசைத்தறிச் சத்தத்தில் நான் ஒப்பித்தது யாருக்கும் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடை மாஸ்டர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே குரல் கொடுப்பார்.

"மாப்ள, பிளாஸ்டிக் அக்கா வருது. கப்பை உள்ள தள்ளு."

"கேட்டுருச்சுண்ணே."

"கேக்கணும்னுதான சொல்றேன். உள்ள வந்து பாத்துக்க, ஒண்ணு இருந்தா எம் பேரை மாத்திக்கிறேன்."

உள்ளே ஒன்றும் இருக்காது. அடுத்த கடையின் பால் பெட்டிக்குள் இருக்கும். அடுத்த கடைக்குப் போனால் இவர் கடைக்கு வந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அதற்குள் பார்சல் டீக்குத் தூக்குவாளி கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வாய் கூடுதலாக ஊற்றுவது என்று அந்த மாஸ்டரே ஒரு பழக்கம் வைத்துவிட்டார். எனக்காக இல்லை, கவர் வாங்கும் செலவு மிச்சம் என்பதற்காக. எப்படியோ, அந்தச் சந்தின் சாக்கடையில் டீ கவர் மிதப்பது குறைந்தது. நான் செய்ததில் அது ஒன்றுதான் இன்னும் இருக்கிறது என்று நித்யா சொல்கிறாள்.

எங்களுக்கு மேலே சுகாதார ஆய்வாளராக இருந்தவரை இங்கே ராஜமாணிக்கம் சார் என்று சொல்லிக்கொள்கிறேன். அவர் ஒரு கடைக்குள் நுழையும் விதத்தைப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காகவே விரிவாக எழுதுகிறேன்.

எந்தக் கடையானாலும் செருப்பை வெளியே விடுவார். புரோட்டாக் கடையானாலும் அப்படித்தான். உள்ளே போனதும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். குடித்து முடித்துத்தான் வந்த காரியத்தைச் சொல்வார். பறிமுதல் செய்யும் பொருளை அவர் தொடமாட்டார், எங்களையும் தொடவிடமாட்டார். கடைக்காரரே எடுக்க வேண்டும், கடைக்காரரே எண்ண வேண்டும், கடைக்காரரே கட்டித் தர வேண்டும். "நம்ம கை பட்டா அது பிடுங்குறது. அவங்க கையால குடுத்தா அது குடுக்கிறது" என்பார். ரசீதை எழுதியதும் சத்தமாக ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்.

துணியா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் மூன்று சோதனைகள். முதலில் காதருகே வைத்துக் கசக்க வேண்டும், பிளாஸ்டிக் என்றால் சரசரக்கும். இரண்டாவது, ஓரத்தில் நூலை உருவ வேண்டும். நெய்த துணி என்றால் நூல் வரும். வராவிட்டால் மூன்றாவது சோதனை. நகக்கண் அளவு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, சாக்கடை ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து நெருப்பு வைக்க வேண்டும். துணி எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் சுருண்டு, உருகிச் சொட்டும். சார் பீடி, சிகரெட் தொட்டதில்லை. இதற்காகவே மூக்குக் கண்ணாடிக் கூட்டில் ஒரு லைட்டர் வைத்திருந்தார்.

இந்தச் சோதனை அதிகம் தேவைப்பட்டது ஒரு வகைப் பைக்குத்தான். பார்க்கத் துணி மாதிரியே இருக்கும், மெத்தென்று இருக்கும், மேலே சின்னச் சின்னப் புள்ளி அச்சு இருக்கும். ஜவுளிக்கடைகளில் கொடுப்பார்கள். சிலவற்றில் 'இது பிளாஸ்டிக் அல்ல' என்றே அச்சடித்திருக்கும். முதலில் அதை விட்டுவிடச் சொன்னார்கள், பிறகு பிடிக்கச் சொன்னார்கள். எங்களுக்கே கொஞ்ச நாள் குழப்பம் இருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். சாக்காகத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது.

சரோஜாக்கா அந்த வார்டில் கவர் கடை வைத்திருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் பாஷை, கடையில் தமிழ். கணவருக்குத் தறியில் வேலை. கேரி பேக், பிளாஸ்டிக் டம்ளர், சாம்பார் கட்டும் கவர் என்று நாங்கள் பட்டியலில் படித்த எல்லாமே அவர் கடையில் வரிசையாகத் தொங்கும். மூன்று முறை பிடித்தோம். மூன்று முறையும் அவரே எண்ணி, அவரே கட்டிக் கொடுத்தார். மூன்றாம் முறை கட்டிக் கொடுத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி, இதை விக்காதன்னு சொல்றீக, சரி. எதை விக்கட்டும்? அதைச் சொல்றதுக்கு ஒருத்தரும் வரலையே."

அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கு ஐந்து மாதம் ஆனது. கடையின் பின்னால் ஒரு தையல் மெஷின் சும்மா கிடந்தது. தறிகளில் மிஞ்சும் கழிவுத் துணியைக் கேட்டு வாங்கலாம் என்றேன். முதல் பை கோணலாக வந்தது. இரண்டாவதில் காது அறுந்தது. அதற்கப்புறம் அவர் கை தானாகக் கற்றுக்கொண்டது. காய்கறிப் பை, டிபன் பை, கல்யாணங்களில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் பை. கடை வாசலில் தொங்கிய கவர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. என்னைப் பார்த்தால், "வாத்தியாரம்மா வருது" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். வீட்டில் போய் என் கணவரிடம் சொல்வேன். அலுவலகத்தில் சொல்வேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

நான்காம் வருடம் நான் உண்டானேன். மூன்று மாதம் எதைப் பார்த்தாலும் வாந்தி. பிளாஸ்டிக் எரியும் வாடை ஒரு பொட்டு வந்தாலும் வயிறு புரட்டும். அந்தப் புகை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கோ படித்ததிலிருந்து லைட்டர் இருக்கும் பக்கமே போகமாட்டேன். சாரும் புரிந்துகொண்டு, நெருப்புச் சோதனையை அவரே தள்ளிப் போய்ச் செய்துவிட்டு வருவார்.

அப்போதுதான் ஒரு நாள் சரோஜாக்கா கடையில் ஒரு பெரிய உருளை இருந்தது. மஞ்சள் நிறம். அவர் மகள் மைதிலிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு திருப்பரங்குன்றம். தாம்பூலப் பை முந்நூறு வேண்டும், கழிவுத் துணியில் அத்தனை பை ஒரே நிறத்தில் வராது என்று ஒரு வியாபாரியிடம் வாங்கியிருந்தார்.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் பாரு. துணின்னுதான் குடுத்தான். எனக்கு என்னமோ மனசு ஒப்பல."

தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது.

"துணிதானக்கா."

"நூல் வரலையே?" அவர் ஓரத்தை நகத்தால் கீறிக் காட்டினார். "பாவு நூலும் இல்ல, ஊடை நூலும் இல்ல. நான் பொறந்ததுலேர்ந்து தறியைப் பாக்கிறவ. இது எந்தத் தறியில நெய்ஞ்சது?"

"இது புது மாதிரிக்கா. மெஷின்ல ஒட்டிச் செய்யிறாங்க. துணிதான், தைங்க."

"நீ படிச்ச பிள்ளை. நீ சொன்னாச் சரி."

இவ்வளவுதான் நடந்தது. இதை நான் எத்தனையோ முறை திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். லைட்டர் வேண்டாம், அவரையே வெளியே போய் ஒரு துண்டைக் கொளுத்தச் சொல்லியிருக்கலாம். உருளையில் ஒரு துண்டு கிழித்து சாரிடம் காட்டியிருக்கலாம். அன்றைக்கு எனக்குத் தலைசுற்றல், சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றிருந்தது. அது ஒரு காரணம். நூல் வராததை என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்தபோது உள்ளே ஏதோ ஒன்று சொன்னதா, சொல்லவில்லையா? சொன்னது என்று சில நாள் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை, பிறகு நானே சேர்த்துக்கொண்டது என்று சில நாள் தோன்றும். தறியில் பிறந்தவரின் விரல் சொன்னதை என் படிப்பு பேசவிடாமல் அடக்கிவிட்டது. அதில் மட்டும் சந்தேகம் இல்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் என் பெருமை இன்னொரு வேலையும் செய்தது. பிளாஸ்டிக் இல்லாமல் நடக்கும் கல்யாணங்களுக்கு எங்கள் அலுவலகத்தில் பாராட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். சரோஜாக்கா பெயரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். சாரையும் நேரில் வந்து கொடுக்கச் சொல்லி நான்தான் கெஞ்சினேன். முகூர்த்த நாளில் மண்டபங்களைப் பார்வையிடுவது அவருடைய வேலையும்கூட. லேமினேஷன் செய்யாத சான்றிதழை ஃபைலில் வைத்துக்கொண்டு வந்தார்.

திருப்பரங்குன்றத்தில் மண்டபம். வாசலில் சரோஜாக்காவே தன் கையால் எழுதி வைத்திருந்தார்: 'இது பிளாஸ்டிக் இல்லாத கல்யாண வீடு. தண்ணீர் குடிக்க டம்ளர் உண்டு.' உள்ளே எவர்சில்வர் டம்ளர்கள், வாழையிலை, ஐஸ்கிரீமுக்கு மரக் கரண்டி. மாலையைக்கூட வாழை நாரில் கட்டச் சொல்லியிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"ரெண்டு உசுரா இருக்க, மொதப் பந்தியில உக்காரு. இன்னைக்கு எனக்கு நீதான் மொத விருந்தாளி."

பட்டுப் புடவையில், அம்புட்டு வேலைக்கு நடுவில், பக்கத்தில் நின்று எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றச் சொன்னார்.

சாப்பிட்டு எழுந்ததும் தாம்பூல மேசைக்கு வந்தோம். மாப்பிள்ளையின் அம்மா, உறவுக்காரர்கள் என்று கொஞ்சம் பேர் அங்கே நின்றிருந்தார்கள். சார் ஃபைலைத் திறந்து சான்றிதழைப் பாதி வெளியே எடுத்தார். சரோஜாக்கா, "மொதல்ல தாம்பூலம் வாங்கிக்கங்க சார், அப்புறம் நீங்க குடுங்க" என்று மஞ்சள் பையை நீட்டினார்.

சார் இரண்டு கையாலும் வாங்கினார். அவருடைய கட்டைவிரல் பையின் மேல் ஓடி, நின்றது. யாரும் கவனிக்காதபடி ஓரத்தை இழுத்துப் பார்த்தார். பிறகு சான்றிதழை மெதுவாக ஃபைலுக்குள் தள்ளினார்.

"சரோஜாம்மா, இன்னொரு நாள் கடைக்கு வாரேன். அங்க வச்சுத் தாரேனே" என்றார்.

அவர் அப்படியே போயிருப்பார். கல்யாணம் முடிந்து கடையில் வைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் கவர் மொத்த வியாபாரி. போன வருடம் சார் அவருடைய குடோனைப் பூட்டி சீல் வைத்திருந்தார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

"என்ன சார், சர்டிபிகேட்டு உள்ள போயிருச்சு?"

"அப்புறம் தரலாம்ண்ணே."

"ஏன், நூல் வரலையா? நீங்க சிரமப்பட வேணாம் சார். உங்க டெஸ்ட்டு எனக்கும் தெரியும். எங்கிட்டயே எத்தனை வாட்டி செஞ்சிருக்கீக."

அவர் ஒரு பையின் ஓரத்தைக் கிழித்து, விளக்கேற்ற வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து, வெற்றிலைத் தட்டுக்கு மேலேயே கொளுத்தினார். அது சுருண்டது. ஒரு சொட்டு வெற்றிலை மேல் விழுந்தது.

"பாத்துக்கங்கப்பா. பிளாஸ்டிக் இல்லாத கல்யாண வீடு. வாசல்ல போர்டு வேற."

சுற்றி அவர்கள் பாஷையில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுநடுவே பிளாஸ்டிக் என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். மேடையில் மைதிலி எழுந்து நிற்பது தெரிந்தது.

"ஏழை கடைன்னா ரசீது, வேண்டப்பட்டவங்கன்னா சர்டிபிகேட்டா சார்?" என்றார் பெரியப்பா.

"நீங்க சொல்றது சரிதான்ண்ணே" என்றார் சார். ரசீதுப் புத்தகத்தை வெளியே எடுத்தார். எழுதுவதற்கு முன் சரோஜாக்காவைப் பார்த்து, அவருக்கே உரிய மெதுவான குரலில் கேட்டார்.

"இதைத் துணின்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

நான் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். சரோஜாக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் பேசுவேன் என்று எதிர்பார்த்த பார்வை. அந்த மாதம்தான் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கிறது. இத்தனை பேர் பார்க்கிறார்கள். இந்த மூன்றில் எது என் வாயை அடைத்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல சார்" என்றார் சரோஜாக்கா. "நானாத்தான் வாங்குனேன். தெரியாமப் போச்சு."

பிறகு நடந்தது எல்லாம் நடைமுறைப்படி நடந்தது. பொருளின் சொந்தக்காரரே எடுத்து, எண்ணி, கட்டித் தர வேண்டும். கல்யாணப் பெண்ணின் அம்மா தரையில் ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு பையாகக் கவிழ்த்தார். தேங்காய் தனியாக, வெற்றிலை பாக்கு தனியாக, மஞ்சள் கிழங்கு தனியாக. சில தேங்காய்கள் உருண்டு நாற்காலிகளுக்கு அடியில் போயின. சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் என்ன ஏது என்று கேட்டு, தாம்பூலத்தை முந்தானையில் வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் வாங்காமலே போனார்கள். இருபது பை ஆனதும் சார் ரசீதுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டி கட்டிய ஆளைப் போல ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தானும் பைகளைக் கவிழ்க்கத் தொடங்கினார். அவர் பறிமுதல் பொருளைத் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். நானும் குனிந்தேன்.

"நீ குனியாத தங்கச்சி. யாராவது அந்தப் பிள்ளைக்கு ஒரு சேர் போடுங்கப்பா" என்றார் சரோஜாக்கா.

நான் நாற்காலியில் உட்கார்ந்து ரசீது எழுதினேன். சார் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை.

மூன்றாம் நாள் அலுவலகத்தில் சாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், அதைத் துணின்னு சொன்னது நான்தான்."

"தெரியும்மா. நூலை இழுக்கும்போது உன் மூஞ்சியத்தான் பாத்தேன்."

"அப்ப ஏன் சார் அவங்கட்ட அப்படிக் கேட்டீங்க?"

"அவங்கட்ட எங்க கேட்டேன்? நீ சொல்றதுக்கு ஒரு எடம் குடுத்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நான் உம்மேல எழுதப் போறதில்ல. அந்தம்மாட்டப் போ. சீக்கிரமாப் போ. நாளாச்சுன்னா கால் வராது."

அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். என்னிடம் அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை.

நான் போனேன். முதல் முறை கடை பூட்டியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டாம் முறை சந்து முனை வரை போனேன். சரோஜாக்கா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஏதோ பிரித்துக்கொண்டிருந்தார். தையல் மெஷின் மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு என் சுற்றை மாற்றி எழுதி வாங்கினேன். அந்தச் சந்து வராதபடி. நடமாட முடியவில்லை, படி ஏற முடியவில்லை என்று காரணம் சொன்னேன். மைதிலியை மாமியார் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள், பெரியப்பா வீட்டு விசேஷங்களுக்கு அவளைக் கூப்பிடுவதில்லை என்று கல்யாணம் நடந்த மாதமே டீக்கடை மாஸ்டர் ஒருமுறை சொன்னார். கேட்டுக்கொண்டேன். பிறகு பிரசவம் ஆனது.

மகளுக்கு ஒரு வயதானபோது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலையை விட்டேன். இப்போது ஆனையூரில் வீட்டோடு இருக்கிறேன். மூன்று வயதாகியும் அவளுக்குத் தூக்கத்தில் நனையும். நான் டயப்பர் போடுகிறேன். துணி கட்டிப் பார்த்தேன். சளி பிடித்தது, பயந்துவிட்டேன். காலையில் செய்தித்தாளில் சுற்றிக் குப்பை வண்டியில் போடும்போது வண்டிக்கார அக்காவின் முகத்தைப் பார்க்கமாட்டேன். வருடக்கணக்கில் ஊருக்குச் சொன்னவள். சளி துணியால் வந்ததா, மழையால் வந்ததா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். மற்றவர் வீட்டுக் குப்பைக் கூடையைத் திறக்கச் சொல்லும்போது நம் வீட்டுக் கூடையும் நினைவுக்கு வர வேண்டும். வந்தால் குரல் தானாகத் தணியும்.

நித்யா எழுதச் சொன்ன பிறகு, இதை எழுதுவதற்கு முன்னால் சரோஜாக்காவைப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று தோன்றியது. போன மாதம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லூருக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. அவர் பரமக்குடிக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். மைதிலியின் முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு, பஸ் மாறித் திருப்பரங்குன்றம் போனேன். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால், எந்த வீட்டில் அந்தப் பேச்சு ஓடியதோ அந்த வீட்டிலாவது சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன்: அந்தப் பையைத் துணி என்று சொன்னது நான், அன்று சொல்லாமல் நின்றதும் நான், சரோஜாக்கா மேல் தப்பில்லை.

கதவைத் திறந்தது மைதிலியின் மாமியார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நீ அந்த ஆபீஸ் பிள்ளைதான? உள்ள வா. அன்னைக்கு வயித்துல இருந்தது இதா? நல்லா இருக்கட்டும்."

என் மகள் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார். நான் உட்காராமலே ஆரம்பித்தேன்.

"அம்மா, அந்தக் கல்யாணத்துப் பை விசயமா ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

"அட, அதை எதுக்கு இன்னும் தூக்கிச் சுமக்கிற? அதான் அப்பவே சம்பந்தியம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டியாமே."

எனக்குப் புரியவில்லை.

"நான்தான்க்கா தப்பாச் சொன்னேன்னு அழுதியாம். அவங்கதான் புள்ளத்தாச்சி அழக்கூடாதுன்னு மோர் குடுத்து அனுப்புனாங்களாம். சம்பந்தியம்மா வந்து சொன்னாங்களே. நாங்களும் மொத மொத இவளைக் கொஞ்சம் பேசிட்டோம்தான். என்ன இருந்தாலும் அந்தப் பிள்ளை வந்து ஒத்துக்கிருச்சேன்னு இவ பெரியமாமனாரே அப்புறம் வாயை மூடிட்டாரு. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

அடுக்களை வாசலில் மைதிலி வந்து நின்றிருந்தாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது. என்னைப் பார்த்து, மாமியாருக்குத் தெரியாதபடி தலையை மிக மெதுவாக இரண்டு பக்கமும் அசைத்தாள்.

நான் தயார் செய்து வந்த வாக்கியத்தைச் சொன்னால் அவள் அம்மா பொய் சொன்னவள் ஆவார்.

"ஆமாம்மா" என்றேன். "மைதிலியைப் பாத்து நாளாச்சுன்னு வந்தேன்."

காபி குடித்தேன். மண்டபத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கிளம்பும்போது மைதிலி தெரு முனை வரை கூட வந்தாள். என் மகளை அவள் தூக்கிக்கொண்டாள்.

"அம்மா அப்படிச் சொல்லியிருக்கலேன்னா நான் அந்த வீட்டுல இருந்திருக்க முடியாதுக்கா" என்றாள். "ஒரு மாசம் பாத்துருக்காங்க, நீங்க வருவீங்கன்னு. அப்புறம்தான் வந்து அப்படிச் சொன்னாங்க."

"நான் பரமக்குடிக்குப் போய் அம்மாவைப் பாத்துட்டு வரட்டுமா?"

அவள் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேணாம்க்கா. இப்ப அவங்களே அதை நம்பிட்டாங்க. போன பொங்கலுக்குக்கூடச் சொல்றாங்க, நீங்க எந்த எடத்துல உக்காந்தீங்க, என்ன கலர் சேலை கட்டியிருந்தீங்கன்னு. நல்ல பிள்ளை, வந்து சொல்லிருச்சுங்கிறாங்க. நீங்க போய் நின்னா, அப்ப நீங்க வராதது அவங்களுக்கு ஞாபகம் வந்துரும்."

பஸ் வந்தது. மகளை என் கையில் கொடுத்துவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.